ஃபேன் பெல்ட்டுக்குச் சுருதி சேர்த்தவர்

1

"கத்துது."

"கத்தல."

"நா இங்கன நின்னு கேட்டுட்டுதான இருக்கேன், கத்து—"

"நானும் இங்கனதான நிக்கேன்? என் காது என்ன காச்சிகுடாவிலயா இருக்கு? கத்த—"

"கத்துதுங்க."

"நக்கோ லோயிஸ். கார்ல ஒரு சத்தம் வந்தா மொதல்ல கேக்கது நாந்தான்."

இவ்வளவுதான் நான் கேட்டது. இதற்கு மேல் இந்தக் கதையில் வரும் எதுவும் எனக்குத் தெரியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாரெட்பள்ளியில் ஓர் அடுக்குமாடி வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். முதுகுப் பக்கம், காம்பவுண்டுக்குள், பானெட் திறந்தபடி ஒரு பழைய வெள்ளைக் கார். பக்கத்தில் இரண்டு குரல்கள். நாசரேத் பக்கத்துத் தமிழும் செகந்திராபாத்தும் கலந்த பேச்சு. ('நக்கோ' என்றால் அங்கே 'வேண்டாம், விடு'.) நான் திரும்பிப் பார்க்கவில்லை. (திரும்பினால் பேச்சை நிறுத்தி, "யாரு வேணும்?" என்று கேட்பார்கள். ஒரு கதை அதோடு போய்விடும்.)

கத்தியதா என்றுதானே கேட்கிறீர்கள்? கத்தியது. நான் சாட்சி. ஸ்லேட்டில் யாரோ நகத்தால் கீறுவது போல ஒரு கீச்சு. அந்தத் தெருவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

பிறகு ஆட்டோ வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். மீதியை நான்தான் எழுத வேண்டும் என்றாகிவிட்டது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மாரெட்பள்ளியில் அன்று வெயில்—"

நிறுத்திவிட்டேன். வெயில் பேசாது. பேசாத எதையும் என்னால் இரண்டு வரிக்கு மேல் எழுத முடிவதில்லை.

அடுத்து இப்படி:

"மோசஸ் பிடிவாதக்காரர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய மனைவி லோயிஸ் எதைச் சொன்னாலும்—"

இதையும் விட்டுவிட்டேன். பிடிவாதக்காரர் என்று நானே சொல்லிவிட்டால் பிறகு அவர் வாயைத் திறந்து என்ன பயன்? (பெயர்கள் இரண்டும் நான் வைத்தவை. மேலே கேட்ட பேச்சிலும் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வாசலில் இருந்தவர்கள் வேறு பெயர்க்காரர்கள். அவர்கள் இதைப் படித்தால், "இது நாம இல்ல" என்று ஒருவர் சொல்லட்டும், "நாமதான்" என்று மற்றவர் சொல்லட்டும்.)

மூன்றாவது ஆரம்பம்: "ஃபேன் பெல்ட் என்பது—"

இது கதை மாதிரி இல்லை, பாடம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதை வைத்துக்கொள்கிறேன். இது தெரியாமல் சண்டை புரியாது.

ஃபேன் பெல்ட் என்பது எஞ்சினின் முன்பக்கம், இரண்டு மூன்று சக்கரங்களைச் சுற்றி ஓடும் ஒரு ரப்பர் பட்டை. எஞ்சின் சுற்றினால் அது சுற்றும். அது சுற்றினால் தண்ணீர் பம்பு சுற்றும். பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் டைனமோவும் சுற்றும். (டைனமோவுக்கு இப்போது வேறு பெயராம். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்.) பட்டை தளர்ந்தால் சக்கரத்தில் வழுக்கும், கீச்சென்று கத்தும், பேட்டரி விளக்கு கண்ணடிக்கும். அதற்காக ரொம்ப இறுக்கினால் டைனமோவின் பேரிங் முனகத் தொடங்கும். புடவை கட்டுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பாவாடை நாடாதான். தளர்ந்தால் மானம் போகும், இறுக்கினால் மூச்சுப் போகும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் விதம் எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, பட்டையின் நீளமான பக்கத்தில், நடுவில், கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒரு விரல் கனம் போல உள்ளே போனால் சரி. அதற்கு மேல் போனால் தளர்வு. போகவே மறுத்தால் இறுக்கம். அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானில் இவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

3

அதனால் சண்டையையே தொடர்ந்து எழுதிப் பார்த்தேன். எனக்குக் கதை அப்படித்தான் வரும். இரண்டு பேரைப் பேசவிட்டுவிட்டு நான் பின்னால் போவேன்.

"அப்ப நா பொய் சொல்லுதேனா?"

"நீ பொய் சொல்லுதேன்னு நா சொல்லல. கத்தலன்னு சொல்லுதேன்."

"பேட்டரி லைட் எரியுதுல்லா? அதாவது தெரியுதா?"

"அது தெரியுது. அதுக்குத்தான் பானெட்ட தெறந்திருக்கேன். கத்துது, கத்துதுன்னு நீ சொல்லுததுக்காக இல்ல."

இங்கே பேனாவைக் கீழே வைத்தேன்.

பிடிவாதக்காரர் இப்படிப் பேச மாட்டார். நானும் எத்தனையோ பிடிவாதக்காரர்களோடு இருந்திருக்கிறேன். பிடிவாதக்காரர் என்ன சொல்வார்? "கத்தினா கத்தட்டும், ஒனக்கென்ன?" என்பார். "எல்லாக் காரும் கத்தத்தான் செய்யும்" என்பார். சத்தத்தை மறுக்க மாட்டார், அதற்கு வைத்தியம் செய்வதைத்தான் மறுப்பார். இந்த மனிதர் விளக்கு எரிவதை ஒப்புக்கொள்கிறார், பட்டை தளர்ந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். சத்தத்தை மட்டும்தான் இல்லை என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.

முழுச் செவிடு இல்லை. லோயிஸ் பேசுவது கேட்கிறது, பதில் சொல்கிறார். லாரி ஹாரன் கேட்கிறது. உச்சத்தில் இருக்கும் மெல்லிய கீச்சு மட்டும் அவர் காதில் ஏறவில்லை. வயதானால் முதலில் அதுதான் போகுமாம். போனது தெரியவும் தெரியாதாம். கேட்காத சத்தத்தைக் கேட்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரி, அப்படியானால் இவர் யார்? ரயில்வேயில் வேலை என்று எழுதியிருந்தேன். ரயில்வே ஆளுக்கு ஒரு கீச்சு கேட்காவிட்டால் என்ன நஷ்டம்? யாருக்கு இது பெரிய நஷ்டம் என்று யோசித்தேன். யோசித்த உடனே வந்துவிட்டது. கொஞ்சம் கொடுமைதான், மன்னிக்கவும்.

மோசஸ் செகந்திராபாத்தில் ஒரு தமிழ்த் திருச்சபையின் பாடகர் குழுத் தலைவர்.

4

இப்போது எல்லாமே அவர் வாயில் தானாக வருகிறது. வீட்டு லிஃப்ட் எந்தச் சுருதியில் முனகுகிறது என்று அவருக்குத் தெரியும். பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிற ஆண்களிடம், "எங்க லிஃப்ட் மாதிரி நில்லுங்கய்யா. ஏறும்போதும் அதே சுருதி, எறங்கும்போதும் அதே சுருதி" என்பார். பால்காரன் மணியடித்தால், "இன்னைக்கு அரைச் சுரம் எறங்கியிருக்கு, வேற சைக்கிள்" என்பார். வேறு சைக்கிளாகத்தான் இருக்கும். லோயிஸ் அதே குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறவள்; ஆல்டோவுக்குப் பக்கத்து வரிசை ஆண்களின் மேல்குரலான டெனர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாடுகிறாள். அவரைப் பிடித்ததே அவர் கை காட்டுவதைப் பார்த்துத்தான். (இதை அவள் வாயால் சொல்ல வைக்க முயன்றேன். "அதெல்லாம் எதுக்கு எழுதுதீங்க" என்றாள்.)

அன்று சனிக்கிழமை. சாயந்தரம் கடைசிப் பயிற்சி. மறுநாள் சபையில் அறுவடைப் பண்டிகை, விசேஷப் பாடல். கார் ஓட வேண்டும். அதனால்தான் காலையில் பானெட் திறந்தது.

சண்டைக்கு நடுவில் லோயிஸின் போன் அடித்தது. உச்சக்குரல் பாடும் சோப்ரானோ பகுதியின் ரோஸ்லின். லோயிஸ் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"அக்கா, அண்ணன் பக்கத்துல இருக்காங்களா?"

"கார்க்குள்ள தலைய விட்டுட்டு இருக்காங்க. சொல்லு."

"நாங்க சோப்ரானோ எல்லாருமா பேசினோம், அக்கா. எங்களால முடியல. அந்தக் கடைசி வரி இருக்குல்லா, மேல எட்டுததுக்கு. நாங்க சரியாத்தான் எட்டுதோம். அண்ணன், 'கேக்கல, வாயத் தெறங்க, கேக்கல'ங்காங்க. தெறந்தோம். இன்னும் தெறங்கங்காங்க. போன வாரம் பாடும்போது முன் பெஞ்சுல ஐயரம்மா காதப் பொத்திட்டு உக்காந்திருந்தாங்க, அக்கா. ஜெபம் பண்ணுதாங்கன்னு நெனச்சேன்."

(ஐயரம்மா என்றால் சபைப் போதகரின் மனைவி.)

"அண்ணனுக்குக் காது..." என்று ரோஸ்லின் ஆரம்பித்து நிறுத்தினாள். "நீங்களே சொல்லிருங்க, அக்கா. இன்னைக்குள்ள. நாளைக்கு அண்ணன் முன்னால நின்னா, ஆராதனை முடிஞ்ச கையோட கமிட்டில பேசணும்னு எல்லாரும் நிக்காங்க. எல்லார் முன்னாலயும் அவங்கள எறக்கிவிட்டா நல்லாவா இருக்கும்? நீங்க சொன்னா வீட்டோட போயிரும்."

லோயிஸ் திரும்பிக் காரைப் பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டை கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேலேயே குனிந்து, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், மோசஸ் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவளும் அதுவரை பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தாள். என்னைப் போலவே.

5

"யாரு போன்ல?"

"ரோஸ்லின்."

"தொண்ட கட்டியிருக்கா?"

"இல்ல."

"கட்டியிருக்கும். அவ பாடுததே கேக்கல இப்பல்லாம்."

லோயிஸ் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது இது:

"ஏங்க, காதுக்கு ஒரு டாக்டரப் பாத்தா என்ன?"

"யாரு காதுக்கு?"

"பொதுவா."

"பொதுவா யாரு காதுக்கு லோயிஸ் டாக்டரப் பாப்பாங்க?" என்றவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "ஒனக்குத்தான் இல்லாத சத்தம்லாம் கேக்குது, நாளைக்கு வேணா கூட்டிட்டுப் போறேன். இப்ப கொயர் பைய எடுத்துட்டு வா" என்றார்.

"அதுல என்ன இருக்கு, ஸ்பானரா?"

"பிட்ச் பைப்."

கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, சுருதி எடுத்துக் கொடுக்கும் சின்ன ஊதல். இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். என் பக்கத்து வீட்டு அஸ்வினி படித்துவிட்டு, "ஆன்ட்டி, யாராவது கார் பெல்ட்டுக்குச் சுருதி பாப்பாங்களா?" என்று கேட்டாள். ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள், தர்க்கம் பார்ப்பாள். நான் சொன்னேன்: வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தொண்டைகளை இழுத்துக் கட்டிய ஆள் பார்ப்பார். இழுத்துக் கட்டிய எதைத் தட்டினாலும் சத்தம் வரும். இறுக இறுகச் சுரம் ஏறும். இதில் அவர் சொல்வதில் தப்பே இல்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

"கட்டவிரல் ஆளுக்கு ஆளு மாறும்" என்றார் மோசஸ். "எங்கட்டவிரல் ஒரு மாதிரி அமுக்கும், ஒங்கட்டவிரல் ஒரு மாதிரி அமுக்கும். சுருதி மாறுமா?"

பட்டையை நடுவில் பிடித்து இழுத்து விட்டார். டொம்.

"கேட்டியா? 'சோ'வுக்குக் கீழ தொங்குது."

"எந்த 'சோ'?"

"ஆல்டோ பாடுதவ கேக்க கேள்வியா இது?" (நம் சரிகமவில் 'ப' எதுவோ, அவர்கள் பாட்டில் அது 'சோ'.) பிட்ச் பைப்பை ஊதினார். மறுபடி டொம். "ஒரு முழுச் சுரம் எறங்கியிருக்கு. போய் ஒரு கம்பு எடுத்துட்டு வா, டைனமோவ நெம்பணும்."

லோயிஸ் சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்தாள். (வீட்டில் நெம்புவதற்கு வேறு என்ன இருக்கும்?)

டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மோசஸ் தளர்த்தினார். சப்பாத்திக் கட்டையை உள்ளே கொடுத்து டைனமோவை வெளிப்பக்கமாக நெம்பினார். லோயிஸ் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தட்டினார். டம்.

"இன்னும்."

"போதும்ங்க. விரல வச்சா உள்ளயே போகாது போலருக்கு."

"சுரத்துல நிக்கணும் லோயிஸ். கிட்டத்துல நின்னா போதும்னு நா என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

இல்லை. என்றைக்கும் சொன்னதில்லை. அவள் கட்டையை இன்னும் கொஞ்சம் நெம்பினாள். ரோஸ்லின் சொன்னதை எப்போது ஆரம்பிப்பது? கட்டையைப் பிடித்திருக்கும்போதா? கட்டையை விட்ட பிறகா?

திம்.

"சோ" என்றார் மோசஸ், திருப்தியாக. போல்ட்டுகளை முறுக்கினார். எஞ்சினைப் போட்டார்.

கீச்சு நின்றிருந்தது. அதற்குப் பதில் அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. தீராத வயிற்று வலியோடு ஒரு மாடு படுத்திருப்பது போல.

மோசஸின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து அந்தக் காரிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் கோளாறுச் சத்தம்.

"இது கேக்குது" என்றார். "இதான சத்தம். இத விட்டுட்டு நீ எதையோ சொல்லிட்டிருந்த."

"இது நீங்க உண்டாக்குன சத்தம்."

"யாரு உண்டாக்குனா என்ன? சத்தம்னா இப்படி வரணும். நல்ல பேஸ்."

6

சந்திரமோகனைக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கதையில் மெக்கானிக் வந்தால் எல்லாம் தெரிந்தவராக வந்து, படித்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இவர் அப்படி இல்லை. இவர் ஒரு கோழை. இரண்டு தெரு தள்ளிக் கடை. தெலுங்குக்காரர், தமிழ் வாடிக்கையாளர்களிடம் தமிழ் பழகியவர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற காரில் கை வைக்கக் கூடாது என்பது அவர் தொழில் கொள்கை. அன்று லோயிஸ் கூப்பிட்டதும் தெரியாமல் வந்துவிட்டார்.

முனகலைக் கேட்டதும், "டைட் எக்குவ ஆயிந்தி சார்" என்றார். அதிகம் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். "பேரிங் போயிரும்."

"சுருதி சரியா இருக்கே" என்றார் மோசஸ்.

சந்திரமோகன் லோயிஸைப் பார்த்தார். லோயிஸ் தரையைப் பார்த்தாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், போல்ட்டைத் தளர்த்தி டைனமோவைக் கொஞ்சம் உள்ளே விட்டார். கொஞ்சம் அதிகமாகவே விட்டுவிட்டார். எஞ்சினைப் போட்டதும் பழைய கீச்சு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

மோசஸ் தலையை ஆட்டினார். "பாத்தியா? சத்தம் நின்னுட்டு."

"நின்னுட்டா?"

"சுத்தமா."

"சந்திரமோகன், நீ சொல்லு" என்றாள் லோயிஸ். "கத்துதா, இல்லியா?"

"ஆமா, சந்திரமோகன், நீ சொல்லு" என்றார் மோசஸ்.

சந்திரமோகன் ஸ்பானரைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "உந்தி அண்டே உந்தி மேடம்" என்றார். பிறகு மறுபக்கம் திரும்பி, "லேது அண்டே லேது சார்."

இருக்கிறது என்றால் இருக்கிறது. இல்லை என்றால் இல்லை. இவரை நான் உருவாக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் பேச்சில் தப்பித்தவர் வேலையில் மாட்டிக்கொண்டார். கத்துவது பட்டையா, வேறு ஏதாவதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே பட்டையின் மேல் துளி தண்ணீர் தெளிப்பார்கள். தளர்ந்த பட்டையாக இருந்தால் இன்னும் வழுக்கி இன்னும் கத்தும். கை பழக்கத்தில், சண்டையை மறந்து, தண்ணீரைப் பாட்டிலின் மூடியில் ஊற்றி, எட்ட நின்று தெளித்தார்.

அப்புறம் நடந்ததை எழுத எனக்குப் பேச்சு எதுவும் கிடைக்கவில்லை.  அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். மோசஸ் பார்த்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சன்ஷேடில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. இரண்டாவது மாடியில் குடியிருக்கும் வேணுகோபால் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கேட்டருகே வாட்ச்மேன் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். சந்திரமோகனுக்கு ஒரு கையில் மூடி, ஒரு கையில் பாட்டில். அவர் ஒரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு, மறு காதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கடைசியாக மோசஸ் லோயிஸைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் சட்டென்று கைகளை இறக்கினாள். இறக்கிய பிறகும் அவள் முகம் சுருங்கியே இருந்தது.

அவர் நிமிர்ந்து புறாக்கள் இருந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

அவர் மனதில் என்ன ஓடியது என்று எழுதச் சொன்னால் எழுதலாம். எழுதிப் பார்த்தேன். "அவருடைய நெஞ்சில் ஒரு—" வேண்டாம். எனக்குக் காதில் விழுவதுதான் தெரியும். அந்த நேரத்தில் அவரிடமிருந்து ஒன்றும் விழவில்லை.

பிறகு விழுந்தது இது:

"ஆஃப் பண்ணு."

சந்திரமோகன் ஓடிப்போய் அணைத்தார்.

"டைட் பண்ணு. விரல் வச்சிப் பாத்துப் பண்ணு."

சந்திரமோகன் நெம்பினார், முறுக்கினார், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "சரிபோயிந்தி சார்" என்றார். சரியாகிவிட்டது என்று பொருள்.

"மேடத்தக் கேளு."

லோயிஸ் குனிந்து பட்டையில் கட்டைவிரலை வைத்தாள். ஒரு விரல் கனம் உள்ளே போய் நின்றது.

"சரியா இருக்கு" என்றாள்.

மோசஸ் தன் விரலை வைத்துப் பார்க்கவில்லை. கொயர் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். சந்திரமோகன் அதற்கு முன்பே ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

7

இனி எப்படி முடிப்பது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், சாயந்தரம் பயிற்சியில் மோசஸ் எழுந்து நின்று, தானே விலகுவதாக அறிவிக்கிறார். எல்லோரும் கண் கலங்குகிறார்கள். ரோஸ்லின் ஓடிவந்து, "அண்ணன், அப்படிச் சொல்லாதீங்க" என்கிறாள். இதை எழுதும்போதே எனக்குச் சந்தேகம். பாடுகிறவர்களை நிறுத்திவிட்டுப் பேசுகிற ஆள் இல்லை மோசஸ். பேச்சை நிறுத்திவிட்டுப் பாட வைப்பவர். அறிவிப்பு முடிவதற்குள், "சோப்ரானோ, எந்திரிங்க" என்றுவிடுவார்.

இரண்டாவதில், மத்தியானச் சாப்பாட்டின்போது லோயிஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். வயது, காது, ரோஸ்லின், கமிட்டி, எல்லாம். ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால், லோயிஸ் பேசவில்லை, நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கமாவும் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்து அந்த அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. நிஜத்தில் மத்தியானம் அவர்கள் பேசியது இவ்வளவுதான்:

"இன்னுங் கொஞ்சம் ரசம்?"

"ம்."

மூன்றாவது முடிவு அஸ்வினி சொன்னது. மோசஸுக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுக்கிறார்கள். மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறார். சோப்ரானோக்கள் பாடுகிறார்கள். அவர் வெலவெலத்துப் போய், "இப்படியா கத்திட்டிருந்தீங்க எல்லாரும்?" என்கிறார். எனக்கும் இது பிடித்திருந்தது. ஆனால் கருவிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், அளவு எடுக்க வேண்டும். பண்டிகையோ நாளைக்கு. லோயிஸுக்கு இருப்பது இந்தச் சாயந்தரம் மட்டும்தான். அவள் சொல்லாவிட்டால் நாளை கமிட்டி சொல்லும்.

ஆகவே அவர்களைக் காரில் ஏற்றி அனுப்புகிறேன். என்னால் முடிந்தது அதுதான்.

8

மோசஸ் ஓட்டினார். லோயிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள், மடியில் பாட்டுப் புத்தகங்கள். கார் முனகவும் இல்லை, கத்தவும் இல்லை. பேட்டரி விளக்கு அணைந்திருந்தது.

"ரோஸ்லின் என்ன சொன்னா காலைல?"

"ப்ராக்டிசுக்குக் கொஞ்சம் லேட்டாகும்னா."

"அதுக்கா அவ்வளவு நேரம்?"

லோயிஸ் புத்தகங்களை நேராக அடுக்கினாள். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

சங்கீத் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பஸ். அதன் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார் மோசஸ்.

"புறா எல்லாம் பறந்துச்சே" என்றார்.

"ஆமா."

"ரொம்பவா?"

"என்னது?"

"கத்துனது."

"ரொம்ப."

"எத்தன நாளா?"

"கார் ரெண்டு மூணு வாரமாத்தான்."

"நா காரக் கேக்கல."

லோயிஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். காரின் உள்கண்ணாடியில் அவர் கண் தெரியவில்லை, நெற்றி மட்டும் தெரிந்தது.

(இந்த இடத்தில் அவளுக்கு நான் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.)

"கிறிஸ்மஸ்லருந்தே இருக்கும்ங்க" என்றாள்.

"ஹவ்" என்றார் மோசஸ், மெல்ல. ஆமாம் என்பதாகவும் இருக்கலாம். அப்படியா என்பதாகவும் இருக்கலாம். ஹைதராபாத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம்.

பச்சை விழுந்தது. பஸ் நகர்ந்தது. அவர் கியரை மாற்றினார். சபையின் கோபுரம் தெரியும் திருப்பத்தில் காரை வளைத்தார். உள்ளே சோப்ரானோக்கள் ஏற்கெனவே தொண்டையைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். அது லோயிஸுக்கு வாசலிலேயே கேட்கும்.

அடுத்த வரி லோயிஸுடையது. கார் நின்றுவிட்டது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தமில்லாமல். அவர் சாவியில் கை வைத்திருக்கிறார். அவள் சத்தமாகச் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை, வீட்டில் ரசம் வேண்டுமா என்று கேட்கும் அதே குரல்தான். அவருக்குக் கேட்டதா, கேட்காத மாதிரி இருந்துகொண்டாரா, கேட்டு, யோசித்து, இறங்கிப் போய் எந்த இடத்தில் நின்றார், இதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் உங்களுக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறேன்.

"நாளைக்கு நீங்க முன்னால நிக்காண்டாம். டெனர்ல, எனக்குப் பக்கத்துல வந்து நின்னு பாடுங்களேன்."